ஷாக் அப்சார்பர் மாற்றியும் போகாத ‘டக் டக்’

கேள்வி இதுதான்: 2014ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் கார், 90,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போகும்போது முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம். பட்டறையில் முன்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள், சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங் திரும்புவதைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் வைத்த கம்பி) போய்விட்டது, அதை மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். ரேக் போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. போயிருக்கிறது என்பதற்கு இதுவரை யாரும் சான்று காட்டவில்லை. ஷாக் அப்சார்பர் விஷயத்திலும் இதேதான் நடந்திருக்கிறது. சத்தம் வந்தது, கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்த சாமானை மாற்றினார்கள். சத்தம் நிற்கவில்லை என்றதும் அடுத்த பெரிய சாமானுக்குக் கை போகிறது. இப்படியே போனால் என்றாவது ஒருநாள் சரியான பாகம் அகப்பட்டுவிடும். அதற்குள் காரின் முன்பக்கம் முழுவதையும் நீங்கள் புதிதாக வாங்கியிருப்பீர்கள்.

தேய்ந்த ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் சத்தம் போடாது. மேட்டில் ஏறி இறங்கியதும் கார் இரண்டு மூன்று முறை ஊஞ்சலாடும், டயர் திட்டுத் திட்டாகத் தேயும், தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து அதன்மேல் தூசி அப்பியிருக்கும். அதிலிருந்து தட்டுகிற சத்தம் வர வேண்டுமானால் உள்ளே வால்வு உடைந்திருக்க வேண்டும், அல்லது மேலே பிடித்திருக்கும் நட்டு தளர்ந்திருக்க வேண்டும். கசிவும் இல்லை, ஊஞ்சலும் இல்லை, ‘டக் டக்’ மட்டும்தான் என்றால் முதல் சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேல் விழக்கூடாது.

ஓர் இடத்தில் தட்டும் சத்தம் பிறக்க இரண்டு வேண்டும். அந்த மூட்டில் ஆட்டம் இருக்க வேண்டும், அதன்மேல் விழும் விசை திசை மாற வேண்டும். எவ்வளவு ஆட்டம் இருந்தாலும் விசை ஒரே பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தால் மூட்டு வாயைத் திறக்காது. விசை திரும்புகிற நொடியில்தான் உலோகம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போய் மோதுகிறது. ஆகவே, சத்தம் வரும் நொடியில் எந்த விசை திரும்புகிறது என்று பாருங்கள். பிரேக் பிடிப்பது, ஸ்டீயரிங்கைத் திருப்புவது, ஆக்சிலரேட்டரை அழுத்தி விடுவது, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறுவது, இரண்டும் சேர்ந்து ஏறுவது என ஒவ்வொன்றும் வெவ்வேறு பாகத்தில் விசையைத் திருப்புகிறது. ஒரு காலி மைதானமும் அரை மணி நேரமும் கிடைத்தால், ஸ்பேனரைத் தொடாமலேயே பாதி விடை வந்துவிடும்.

நீங்கள் சொன்னதில் எனக்கு மிகவும் பயன்பட்டது ‘மெதுவாக’, ‘குண்டும் குழியுமான’ என்ற இரண்டு சொற்கள். இரண்டும் லிங்க் ராடைத்தான் முதலில் சுட்டுகின்றன.

முன் அச்சில் குறுக்கே ஒரு வளைந்த கம்பி ஓடுகிறது. ஸ்டெபிலைசர் பார் என்பார்கள். வளைவில் கார் அதிகம் சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அதன் இரண்டு முனைகளையும் ஷாக் அப்சார்பரோடு இணைக்கும் குட்டைக் கம்பிகள்தான் லிங்க் ராடுகள். ஒவ்வொன்றின் இரு முனையிலும் சிறிய பந்து மூட்டு உண்டு. இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கினால் அந்தக் கம்பி முறுக்கேறாமல் சும்மா கூடவே சுழலும், லிங்க் ராடுக்கு வேலை இல்லை. இடது சக்கரம் குழியிலும் வலது சக்கரம் மேட்டிலும் மாறி மாறிப் போகும்போதுதான் கம்பி முறுகுகிறது. அப்போது லிங்க் ராடு ஒரு நொடி இழுபடும், அடுத்த நொடி அமுங்கும். தேய்ந்த மூட்டு ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு ‘டக்’ போடும். வேகமாகப் போனாலும் அது தட்டிக்கொண்டுதான் இருக்கும். டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் அதை மறைத்துவிடும்.

இதைச் சோதிப்பது எளிது. தெருவின் முழு அகலத்துக்கும் ஒரே உயரமாகப் போட்ட வேகத்தடையை இரண்டு சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி நேராகக் கடந்து பாருங்கள். பிறகு அதே வேகத்தடையைச் சற்றுச் சாய்வாக, ஒரு சக்கரம் முன்னாலும் மற்றது பின்னாலும் ஏறும்படி கடந்து பாருங்கள். முதல் முறை அமைதியாக இருந்து இரண்டாம் முறை தட்டினால், லிங்க் ராடு அல்லது ஸ்டெபிலைசர் பாரைக் காரின் உடலோடு பிடிக்கும் ரப்பர் புஷ் (அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் உருளை), இந்த இரண்டில் ஒன்று. இரண்டு முறையும் ஒரே மாதிரி தட்டினால் சந்தேகம், ஷாக் அப்சார்பரின் மேல்முனையைக் காரின் உடலோடு பிடிக்கும் ‘மேல் மவுண்ட்’ பக்கம் நகர வேண்டும்.

(இந்தச் சோதனைக்கு ஒழுங்கான வேகத்தடை கிடைப்பதே பெரும்பாடு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் வட்ட முதுகு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் இருக்க வேண்டும். நம் தெரு முனைகளில் ஒரு முழ அகலத்தில் சுவர் மாதிரி எழுப்பி வைத்திருப்பவை எந்த விதிப்படி வந்தவை என்று தெரியவில்லை. காரின் அடிப்பாகம் சீக்கிரம் கெடுவதில் அவற்றுக்கும் பங்குண்டு.)

ஒலி ஏமாற்றும். இடது பக்கம் கேட்கும் சத்தம் வலது பக்கத்திலிருந்து குறுக்குக் கம்பி வழியாக வந்திருக்கலாம். காரின் உடல் முழுவதும் ஒன்றோடொன்று பற்றவைத்த தகடு என்பதால் எங்கோ தட்டியது காலடியில் கேட்கும். காதை நம்பாமல் விரலை நம்புங்கள். கார் நான்கு சக்கரத்திலும் தரையில் நிற்கட்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பினால் சக்கரத்துக்குப் பின்னால் கை நுழைய இடம் கிடைக்கும். இன்ஜினை அணைத்துவிட்டு, லிங்க் ராடின் மேல் மூட்டைக் கட்டை விரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். ஒரு விரல் பந்தின் மேலும் மற்றது கம்பியின் மேலும் படியட்டும். இன்னொருவர் காரின் கூரையோரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் வேகமாக ஆட்டட்டும். நல்ல மூட்டில் விரலுக்குக் கீழே எதுவும் தெரியாது. தேய்ந்த மூட்டில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் விரல் நுனியில் ‘டிக்’ என்று ஒரு தட்டல் தெரியும். காதுக்குக் கேட்காத அளவு ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும். அப்படியே கீழ் மூட்டு, பிறகு மறுபக்கம்.

இங்கே பல பட்டறைகளில் நடக்கும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிவிட்டு லிங்க் ராடை ஆட்டிப் பார்ப்பார்கள். கல் மாதிரி இருக்கும், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் இருந்தால் ஸ்டெபிலைசர் பார் முறுகி நிற்கிறது. லிங்க் ராடு இழுத்துப் பிடித்தபடி இருப்பதால் உள்ளே இருக்கும் ஆட்டம் வெளியே தெரியாது. இரண்டு சக்கரத்தையும் ஒரே உயரத்தில் தூக்க வேண்டும், அல்லது இரண்டும் தரையில் இருக்க வேண்டும். அப்போதுதான் அந்த மூட்டு உண்மையைச் சொல்லும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் முடிவான சோதனை இருக்கிறது. இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றிவிட்டு, கம்பியின் முனை எதிலும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, அதே தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் லிங்க் ராடோ ஸ்டெபிலைசர் பாரின் புஷ்ஷோதான், வழக்கு முடிந்தது. ஸ்டெபிலைசர் இல்லாத கார் வளைவில் அதிகம் சாயும் என்பதால் இதைத் தெருவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போக வேண்டாம்.

உங்கள் காரில் லிங்க் ராடை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டுமானால் அதோடு பிணைந்திருக்கும் லிங்க் ராடின் நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். அந்த நட்டு துருப்பிடித்திருந்தால் அதோடு சேர்ந்து பந்தின் தண்டும் சுற்றும். தண்டின் நுனியில் ஆலன் சாவியைச் செருகிப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்ப வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள் காற்றழுத்தத்தில் சுழலும் நியூமேட்டிக் கன்னை வைத்து ஒரே அடியில் கழற்றுவார்கள். பந்து உள்ளே வேகமாகச் சுழலும், ரப்பர் உறை முறுகிக் கிழியும். திரும்ப மாட்டும்போதும் அதே கூத்துதான். நட்டு இறுகிவிட்டது போலத் தெரியும், உண்மையில் தண்டு சேர்ந்து சுற்றியிருக்கும். ஏற்கெனவே தேய்ந்திருந்த பழைய லிங்க் ராடு, இப்போது இன்னும் கொஞ்சம் கெட்டு, புதிய ஷாக் அப்சார்பரில் மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு ஷாக் அப்சார்பரின் விலைக்குப் பல லிங்க் ராடுகள் வாங்கலாம் என்பது இதில் எரிச்சலூட்டும் செய்தி.

அதே வேலையில் தளர்ந்திருக்கக்கூடிய வேறு இடங்களும் உண்டு. பானெட்டைத் திறந்தால் இரு பக்கமும் ஷாக் அப்சார்பரின் மேல்முனை தெரியும். நடுவில் இருக்கும் பெரிய நட்டு சரியாக இறுகவில்லை என்றால் சிறு குழியில்கூட ‘டொக்’ என்று வெண்கலப் பாத்திரத்தைத் தட்டியது போலக் கேட்கும். உள்ளங்கையை மவுண்ட் மேல் வைத்துக்கொண்டு இன்னொருவரை முன்பக்கத்தை அமுக்கி விடச் சொல்லுங்கள். துள்ளல் கையில் தெரிந்தால் அங்கேதான் கோளாறு. அந்த நட்டை இறுக்கும்போதும் தண்டு சுழலாமல் பிடிக்க வேண்டும். கீழே, ஷாக் அப்சார்பரைச் சக்கரம் தாங்கும் நக்கிளோடு பிடிக்கும் இரண்டு தடித்த போல்ட்டுகளையும், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு வைத்துப் பாருங்கள். அவை தளர்ந்தால் சத்தத்தோடு போகாது, சக்கரத்தின் சாய்வும் மாறும். ஸ்பிரிங்கின் நுனி கீழ்க் கிண்ணத்தின் படியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஷாக் அப்சார்பர் முழுவதும் அமுங்கும்போது முட்டுக்கொடுக்கும் பழைய பம்ப் ஸ்டாப் ரப்பரும் தூசி உறையும் நொறுங்கிப் போயிருந்தும் அவற்றையே திரும்பப் போட்டிருக்கிறார்களா, மேல் மவுண்டை மாற்றினார்களா, பழையதையே வைத்துவிட்டார்களா என்று பில்லைப் பார்த்தால் தெரிந்துவிடும். 90,000 கிலோமீட்டர் ஓடிய மவுண்டைப் புதிய ஷாக் அப்சார்பரோடு மாட்டுவது என் கணக்கில் அரை வேலை.

அந்த மேல் மவுண்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஷாக் அப்சார்பரையே மேலே உடலோடும் கீழே சக்கரத்தோடும் பிணைக்கும் இந்த முன்பக்க அமைப்பை வடிவமைத்தவர் ஏர்ல் மேக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். 1950இல் பிரிட்டனில் வந்த ஃபோர்டு கான்சல், ஸெஃபிர் கார்களில் இது பரவலாகத் தெரிய வந்தது. இன்று நம் ஊரின் சிறிய கார்களில் பெரும்பாலானவை இதைத்தான் முன்பக்கம் வைத்திருக்கின்றன. இதில் ஷாக் அப்சார்பருக்கு இரட்டை வேலை. அதிர்வை அடக்குவதோடு, ஸ்டீயரிங் திரும்பும்போது சக்கரம் சுழலும் அச்சாகவும் அதுவே நிற்கிறது. அதனால் மேல் மவுண்டில் ரப்பரும் உண்டு, பேரிங்கும் உண்டு. ரப்பர் கிழிந்தால் குழியில் தட்டும். பேரிங் இறுகினால் நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுகி, பிறகு திடீரென ‘டங்’ என்று விடும். ஸ்பிரிங்கில் கை வைத்தபடி ஒருவரைத் திருப்பச் சொன்னால் அந்தத் துள்ளல் தெளிவாகத் தெரியும்.

உடைந்த ஸ்பிரிங்கும் இதே மாதிரி ‘டங்’ போடும். பெரும்பாலும் கடைசிச் சுற்று, கிண்ணத்துக்குள் மறைந்திருக்கும் இடத்தில்தான் உடையும். டார்ச் அடித்து முனையைத் தேடினால் ஒழியத் தெரியாது. வண்டி உயரமாக நிற்க வேண்டும் என்று ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபர் செருகி வைத்திருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றி எறியுங்கள். செருகிய இடத்தில் சுற்று வேலை செய்யாது, மற்றச் சுற்றுகள் அந்தச் சுமையையும் சேர்த்துத் தாங்குகின்றன.

அடுத்தது லோயர் ஆர்ம். லிங்க் ராடுக்குப் பிறகு என் இரண்டாவது சந்தேகம் இதுதான். உடலுக்கும் சக்கரத்துக்கும் இடையே கிடையாக நிற்கும் இரும்புக் கை அது. உடல் பக்கம் இரண்டு ரப்பர் புஷ், சக்கரம் பக்கம் ஒரு பால் ஜாயிண்ட், அதாவது பெரிய பந்து மூட்டு. பின்பக்கப் புஷ் பெரியது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளும் விசையை வாங்குவது அதுதான் என்பதால் கிழிவதும் பெரும்பாலும் அதுவே.

மைதானத்தில் நடக்கிற வேகத்தில் முன்னால் போய் பிரேக் பிடியுங்கள். பிறகு ரிவர்ஸில் போய் பிடியுங்கள். திசை மாறும் ஒவ்வொரு முறையும் அடியில் ஒரே ஒரு கனமான ‘டொம்’ கேட்டால் ஆர்ம் புஷ்ஷைப் பாருங்கள். சற்றுத் தள்ளிப் பக்கவாட்டில் ஒருவர் நின்று கவனித்தால், புஷ் நன்றாகக் கிழிந்த காரில் சக்கரமே ஃபெண்டருக்குள் முன்னும் பின்னும் நகர்வது தெரியும். கனமில்லாத ‘கிளிக்’ என்றால் அது பிரேக் பேடு தன் கூட்டுக்குள் இடம் மாறும் சத்தமாக இருக்கலாம். குழியான தெருவில் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி ஓட்டிப் பாருங்கள். தொட்டதும் ‘லொட லொட’ நின்றுவிட்டால் பேடும், அதை அழுத்தும் காலிப்பர் நகர உதவும் பின்னும்தான். கிளிப் மாற்றி, பின்னைச் சுத்தம் செய்து உரிய கிரீஸ் வைத்தால் முடிந்தது.

ரப்பர் புஷ்ஷைக் கண்ணால் பார்க்கும்போது மேல்தோலில் தெரியும் மெல்லிய வெடிப்புகளைக் கண்டு பயப்பட வேண்டாம். வயதான ரப்பர் எல்லாம் அப்படித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது ரப்பர் உலோகத்திலிருந்து பிரிந்திருக்கிறதா என்பதை. லீவர் கம்பியை இடையில் விட்டு மெதுவாக நெம்பினால், நல்ல புஷ் அசைந்து திரும்ப வரும். பிரிந்த புஷ் வாயைப் பிளந்து காட்டும், உலோகம் உலோகத்தில் உரசிய பளபளப்பும் தெரியும். நெம்புவதில் முரட்டுத்தனம் கூடாது. வேண்டிய அளவு பலம் கொடுத்தால் புதிய புஷ்ஷும் அசையும், அதைக் காட்டி விற்பனை செய்வதும் உண்டு.

பால் ஜாயிண்ட் விஷயத்தில் மட்டும் தாமதம் கூடாது. சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், அப்படியே இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது அதற்கு மேலே உள்ள பிடிப்புகள். ஆர்முக்குக் கீழே லீவர் வைத்து லேசாக நெம்பி, மூட்டில் மேலும் கீழும் அசைவு இருக்கிறதா என்றும் பாருங்கள். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, உள்ளே செம்பழுப்பாகத் துரு கலந்த நீர் இருந்தால் ஆட்டம் இன்னும் தெரியாவிட்டாலும் அது போகப் போகிறது. பந்து கழன்றால் சக்கரம் மடிந்து கார் அதே இடத்தில் உட்கார்ந்துவிடும். எந்த வேகத்தில் உட்காரும் என்பது உங்கள் கையில் இல்லை. இந்த மூட்டு ஆடினாலும், ஸ்டீயரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டான டை ராட் எண்ட் ஆடினாலும், ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் காரை ஓட்டிக்கொண்டு சோதனை செய்யக் கூடாது.

இப்போது ரேக். அதற்குத் தனி அடையாளம் இருக்கிறது: தட்டல் காலடியில் கேட்பதைவிட ஸ்டீயரிங் வளையத்தில் கைக்குத் தெரியும். கார் தரையில் நிற்கட்டும், ஸ்டீயரிங் பூட்டு விடுபட்டிருக்கட்டும், இன்ஜின் ஓட வேண்டாம். ஒருவர் வளையத்தை இரண்டு விரல் அகலத்துக்கு இங்கும் அங்கும் வேகமாக அசைக்கட்டும். நீங்கள் ஒவ்வொரு மூட்டாகக் கை வைத்து வாருங்கள். முதலில் டை ராட் எண்ட். அடுத்து ரேக்கின் முனையில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறையை (பெல்லோஸ்) அமுக்கிப் பிடித்து, உள்ளிருக்கும் மூட்டான ரேக் எண்ட். பிறகு ரேக்கை உடலோடு பிடிக்கும் புஷ். கடைசியாக, காருக்குள் பெடல்களுக்கு மேலே ஸ்டீயரிங் தண்டின் மூட்டு. இவற்றில் எது விரலில் தட்டுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும். முழு ரேக்கையும் மாற்றும் தேவை அபூர்வமாகவே வரும்.

ஸ்விஃப்ட்டில் பவர் ஸ்டீயரிங் மோட்டார் ரேக்கில் இல்லை, மேலே தண்டோடு இருக்கிறது. அந்த மோட்டாரின் பல்சக்கரத்தில் ஆட்டம் வந்தாலும் ‘கட கட’ கேட்கும். முழங்காலுக்கு அருகில் கேட்கும் அந்தச் சத்தத்துக்கு ரேக்கை மாற்றினால் பணம் போகும், சத்தம் இருக்கும். ரேக்கின் பல்லில் ஆட்டம் இருந்தாலும் முதலில் அதன் அட்ஜஸ்டிங் ஸ்குருவைச் சிறிதளவு இறுக்கிப் பார்க்கலாம். கூடுதலாக இறுக்கினால் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஸ்டீயரிங் தானாக நேராகாது. அது சத்தத்தைவிட மோசம் என்பதால் அனுபவம் உள்ளவர் கையில் விடுங்கள்.

கார் நிற்கும்போதோ கியர் போட்டுக் கிளம்பும்போதோ தட்டினால் இன்ஜின் மவுண்ட். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ‘டிக் டிக் டிக்’ என்று சக்கரத்தின் வேகத்துக்கு ஏற்றபடி வந்தால், இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி மூட்டு. வழவழப்பான சாலையிலும் வேகத்தோடு சேர்ந்து கூடுகிற எந்தச் சத்தமும் சஸ்பென்ஷன் சத்தம் இல்லை. அப்போது முதலில் வீல் நட்டுகளைப் பாருங்கள். இவற்றுக்கெல்லாம் முன்னால் டிக்கியில் உருளும் ஜாக்கி, தளர்ந்த பேட்டரி கிளாம்ப், பானெட்டின் ரப்பர் முட்டு, சைலன்சரின் வெப்பத் தடுப்புத் தகடு, கதவுப் பையில் இருக்கும் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். சஸ்பென்ஷன் என்று வந்த புகார்களில் சில அந்த பாட்டிலோடு முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பாகத்தைக் கண்டுபிடித்த பிறகு மாற்றும் விதம் பற்றிச் சில. அடியில் நுழைவதற்கு முன் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஸ்டாண்டு போட்ட பிறகே தலையைக் கொடுங்கள். மேல் மவுண்டு மாற்ற ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தால் அதை வீட்டில் செய்யாதீர்கள். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும். கயிறு, கம்பி கட்டி ஸ்பிரிங்கை அமுக்கும் பட்டறையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

லோயர் ஆர்ம் போட்டு உடனே மறுபடி கெட்டுப்போகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுவதும் இறுக்கிவிடுகிறார்கள். இந்தப் புஷ் சுழல்வதில்லை. உள் குழாயும் வெளிக் குழாயும் ரப்பரோடு ஒட்டியவை, நடுவில் ரப்பர் முறுகித்தான் அசைவு கிடைக்கிறது. தொங்கிய நிலையில் பூட்டினால், கார் தரைக்கு வந்ததும் ரப்பர் நிரந்தரமாக முறுகியே நிற்கும். சீக்கிரம் கிழியாமல் வேறு என்ன செய்யும்? போல்ட்டை மாட்டி லேசாகப் பிடிக்க விட்டு, காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகு, இரண்டு முறை அமுக்கி விட்டு, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். இதைச் செய்கிறார்களா என்று நின்று பாருங்கள்.

புஷ் மட்டும் மாற்றலாமா, முழு ஆர்மையும் மாற்றுவதா? பால் ஜாயிண்ட் நன்றாக இருந்து, பட்டறையில் ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் புஷ் மட்டும் போதும். பெரிய புஷ்ஷில் ரப்பருக்கு நடுவே இடைவெளிகள் இருந்தால் அவை எந்தப் பக்கம் நோக்கியிருந்தன என்று கழற்றும் முன் குறித்துக்கொள்ள வேண்டும், திருப்பிப் போட்டால் வேலை கெட்டது. சுத்தியலால் அடித்து ஏற்றுவதாக இருந்தால் முழு ஆர்மே மேல். பால் ஜாயிண்ட் ஆர்முடன் ஒரே துண்டாக வரும் கார்களில், அது ஆடினாலும் முழு ஆர்ம்தான். ரப்பருக்குப் பதில் கடினமான பாலியூரித்தேன் பிளாஸ்டிக்கில் செய்த புஷ் நீண்டநாள் உழைக்கும் என்பார்கள். உழைக்கும்தான், அதோடு சாலையின் ஒவ்வொரு கல்லையும் உங்கள் முதுகுக்குத் தெரிவிக்கும். வீட்டுக் காருக்கு ரப்பரே போதும். லிங்க் ராடை ஜோடியாக மாற்றுங்கள். ஆர்மை, மறுபக்கம் நன்றாக இருந்தால், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் குற்றமில்லை.

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ பீய்ச்சச் சொல்லாதீர்கள். துருவுக்கு நல்லது என்று நம் ஊரில் பழகிவிட்ட இந்த வழக்கம் ரப்பருக்கு விஷம். எண்ணெயைக் குடித்த புஷ் உப்பி, மிருதுவாகி, உதிர ஆரம்பிக்கும். அடிச் சத்தம் ஒரு வாரம் குறைந்தது போல் தோன்றும், அவ்வளவுதான்.

ஆகவே உங்கள் காருக்கு நான் போகும் வரிசை இது. முதலில் ஷாக் அப்சார்பர் மாற்றிய வேலையின் நட்டு போல்ட்டுகள் எல்லாம் சரியாக இறுகியிருக்கின்றனவா என்று அதே பட்டறையிலேயே, கூடுதல் கூலி இல்லாமல், உங்கள் கண்முன்னே பார்க்கச் சொல்லுங்கள். அடுத்து லிங்க் ராடை விரலால் சோதித்து, தேவைப்பட்டால் கழற்றி ஓட்டிப் பாருங்கள். அதிலும் போகவில்லை என்றால் மேல் மவுண்ட், பிறகு லோயர் ஆர்ம். ரேக் கடைசி. அப்போதும் ரேக்தான் என்று சொன்னால் எந்த மூட்டு தட்டுகிறது என்று உங்கள் விரலை அங்கே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாதவரிடம் ரேக்குக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஷாக் அப்சார்பர் கழற்றி மாட்டியதால் வீல் அலைன்மென்ட் எப்படியும் பார்க்க வேண்டும். அதை இப்போது செய்யாமல், சத்தம் போன பிறகு செய்யுங்கள். ஆர்மோ டை ராட் எண்டோ மாற்ற நேர்ந்தால் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும், இரண்டு முறை காசு கொடுப்பானேன். லிங்க் ராடுகளைக் கழற்றி ஓட்டிய பிறகும் தட்டுகிறது என்றால், மைதானத்தில் முன்னும் பின்னும் பிரேக் பிடித்தபோது என்ன கேட்டது, ஸ்டீயரிங் வளையத்தில் கைக்கு ஏதாவது தெரிந்ததா என்ற இரண்டையும் குறித்து எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.